பேனாக்கத்தி விவாதம் நடந்த நாள்

சட்டசபையில் காரியம் ஆக வேண்டியவர்கள், அது விவாதத்துக்கு வரும் நாளில் கோட்டு மாட்டும் அறையில் ஒரு மேசை போட்டுச் சாப்பாடு வைக்க வேண்டும். எங்கள் ஊரில் அது எழுதாத வழக்கம். படகுத்துறை உரிமம் கேட்பவன் விஸ்கி வைப்பான். பாலம் கேட்பவர்கள் விஸ்கியோடு சிப்பியும் வைப்பார்கள். நான் கேட்டது மணமுறிவு. பெண்பிள்ளை விஸ்கி வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று சபை உறுப்பினர் பீல் சொல்லிவிட்டார். ஆகவே புகை போட்ட பன்றித்தொடை, வெள்ளரி ஊறுகாய், சோள ரொட்டி, ஆப்பிள் கேக். கேக்கை முன்கூட்டியே சுட்டு அடுக்கியிருந்தேன். அடுக்குகளுக்கு நடுவில் தடவிய உலர் ஆப்பிள் விழுது மாவுக்குள் இறங்கி மெத்தென்று ஆக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அந்த நாட்களில் அடிக்கடி துணியைத் தூக்கி அதைப் பார்த்தேன். கேக் பதமாவதைத்தான் பார்த்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு பெண்ணைக் கணவனிடமிருந்து விடுவிக்க எங்கள் மாநிலத்தில் சட்டசபையால்தான் முடியும். அவள் பெயரைப் போட்டு ஒரு மசோதா வர வேண்டும். ஓநாய்த் தலைக்கு வெகுமதி, தெருவில் திரியும் பன்றி, மரப்பலகை பாவிய பலகைச் சாலை இவற்றோடு அவளும் வரிசையில் நிற்பாள்.

என் கணவன் ஆரின் என்னை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. போனவன் போனவனாகவே இருந்திருந்தால் நான் சபைப் பக்கம் தலை வைத்திருக்க மாட்டேன். இலையுதிர் காலத்தில் ஒரு தெப்பக்காரன் என் வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சேதி சொன்னான். ஆரின் கீழாற்று ஊர் ஒன்றில் இருக்கிறானாம். அங்கே ஒரு மதுக்கடைக்காரனிடம் எங்கள் மகளை வேலைக்கு விடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டானாம். ஆற்றில் பனிக்கட்டி உடைந்ததும் படகில் வந்து அவளை அழைத்துப் போவானாம். டெல்ஃபிக்கு அப்போது பதினோரு வயது. சட்டப்படி பிள்ளை தகப்பனுடையது. நான் நடத்திய வீடும் அவனுடையதுதான், என் கையில் இருந்த கரண்டியும் அவனுடையதுதான். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. மசோதாவில் மகள் தாயிடம் இருக்க வேண்டும் என்ற ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் அத்தனையும்.

டெல்ஃபி நடக்கும்போது காலின் வெளிவிளிம்பை முதலில் ஊன்றி, பிறகுதான் பாதத்தை வைப்பாள். சத்தம் வராது. அவன் இருந்த காலத்தில் நான் அப்படித்தான் நடந்தேன். அவன் போனபோது அவளுக்கு ஐந்து வயது. அவன் முகம்கூட அவளுக்கு நினைவிருக்காது. ஆனாலும் அவள் கால் அதைக் கற்றுக்கொண்டிருந்தது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்ததை என் மகள் வீடெல்லாம் நடந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

சபை கூடும் குளிர்காலத்தில் என் வீட்டில் உறுப்பினர்கள் தங்கிச் சாப்பிடுவார்கள். பீல் வடக்கு மாவட்டத்து வக்கீல். வாய் நிறையச் சிரிப்பார், கை நிறையச் சாப்பிடுவார். என் மசோதாவைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஸ்ட்ரௌட் விவசாயி, தம் ஊர்க் கோயிலில் மூப்பர், அதிகம் பேச மாட்டார். டிசம்பரில் நெஞ்சில் சளி கட்டி அவர் பிழைக்க மாட்டார் என்று எல்லோரும் சொன்னபோது, நான் இரவு பகலாகக் கடுகுப் பத்து போட்டேன். பிழைத்தார். அவர் உடம்பு தேறியபின் எனக்கு நன்றி சொல்லவில்லை. கண் கலங்கினார். அதை நான் நன்றியைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

அன்று காலைச் சாப்பாட்டின்போது பீல் எனக்கு வரிசையைச் சொன்னார். முதலில் ஓநாய், பிறகு பன்றி, பிறகு ஏதோ சில்லறை விஷயம். அதன்பின் ஃபென்டனின் பலகைச் சாலை. ஃபென்டன் எழுந்தால் விளக்கேற்றும் வரை உட்கார மாட்டார் என்பது ஊரறிந்தது. அதற்குப் பிறகுதான் நான்.

"மத்தியானம் நாங்க எல்லாரும் போய் உங்க மேசையில ஒரு கை பாத்துட்டு வந்து உக்காந்துடுவோம். வயிறு நெறஞ்ச ஆம்பளை யாருக்கும் இல்லேன்னு சொல்ல மாட்டான், மேடக்ஸம்மா. நீங்க கவலைய விடுங்க."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஸ்ட்ரௌட் உப்பைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஓட்டை நான் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால், இல்லை என்று சொல்ல நானே ஓர் இடம் கொடுத்தது போல் ஆகிவிடும் என்று பயந்தேன். வேறொரு காரணமும் இருந்தது. அவர் நெஞ்சைத் தேய்த்த கைக்குக் கேட்காமலே கிடைக்கும் என்று எண்ணினேன்.

மேல்மாடத்தில் பெண்கள் உட்காரலாம், பேசக் கூடாது. கெசையா அக்கா ஏற்கெனவே அடுப்புக்குப் பக்கத்தில் இடம் பிடித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். அவள் எங்கள் தெருவிலேயே இருந்த விதவை. சபை நடக்கும் நாளெல்லாம் வந்துவிடுவாள். அரசாங்கத்து விறகில் குளிர் காய்வது தன் உரிமை என்பாள். கீழே நடப்பதை அவள் ஒருநாளும் பெரிதாக மதித்ததில்லை.

பாதிரியார் சபைக்கு ஞானம் வேண்டிப் பிரார்த்தித்தார். கீழே புகையிலை எச்சில் துப்பும் சத்தம் ஒன்றிரண்டு கேட்டது. பிறகு ஓநாய். ஓநாய்க்குட்டியின் தலைக்கு முழு வெகுமதியா பாதியா என்று பேசினார்கள். குட்டியை வளர விட்டுப் பிறகு கொன்று முழு வெகுமதி வாங்குகிறார்கள் என்று ஒருவர் குற்றம் சாட்டினார். பிறகு பன்றி. சபைப் படிக்கட்டில் பன்றி குறுக்கே ஓடி விழுந்த ஓர் உறுப்பினர் தம் முழங்காலைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் கையுறையைக் கழற்றி மாட்டி, மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நைஞ்சு போயிடும்டி. வச்சுட்டு சும்மா இரு," என்றாள் கெசையா அக்கா.

சில்லறை விஷயம் என்று பீல் சொன்னது பேனாக்கத்தி. கூட்டத்தொடருக்கு ஆளுக்கொரு பேனாக்கத்தி கொடுப்பது வழக்கம். இந்த முறை சிக்கனக் குழு, நான்கு அலகுக் கத்தி வேண்டாம், இரண்டு அலகு போதும் என்று எழுதியிருந்தது. சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஓநாய்க்கும் பன்றிக்கும் தூங்கியவர்கள் விழித்தார்கள். இறகுப் பேனா சீவ ஓர் அலகு, காகிதம் வெட்ட ஓர் அலகு, மற்ற இரண்டும் எதற்கு என்று ஒருவர் கேட்டார். மற்ற இரண்டும் மாநிலத்தின் மரியாதைக்கு என்று இன்னொருவர் சொன்னார். கிழக்கு மாவட்டத்தவர் ஒருவர் எழுந்து, ஒவ்வொரு தொடரின் முடிவிலும் தம் மகன் வாசலிலேயே நின்று, அப்பா கத்தி எங்கே என்று கேட்பான் என்றும், இரண்டு அலகோடு அந்தப் பிள்ளையின் முகத்தில் தாம் எப்படி விழிப்பது என்றும் கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அவர் நடிக்கவில்லை. அன்று முழுவதும் அந்தச் சபையில் ஒரு பிள்ளையின் முகத்தை நினைத்துப் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

"இவன் பிள்ளைக்குக் கத்தி கெடைச்சுடும் பாரு," என்றாள் கெசையா அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிடைத்தது. நான்கு அலகு வென்றது. எல்லோரும் சண்டை போட்ட களைப்போடு எழுந்து சோம்பல் முறித்தார்கள். அப்போதுதான் கோட்டு அறைக் கதவு திறந்து, பன்றித்தொடையின் வாசனை மேல்மாடம் வரை வந்தது. கிராம்பும் வெல்லப்பாகும் கலந்த வாசனை. யாரோ மூக்கை உறிஞ்சிச் சிரித்தார்கள். பீல் எழுந்து மேல்மாடத்தைப் பார்த்து எனக்குத் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவர் பின்னால் என் வீட்டில் தங்கியவர்கள் போனார்கள், அவர்களுடைய நண்பர்கள் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. அத்தனை ஆண்களை நாற்காலியிலிருந்து எழுப்ப என் அடுப்பால் முடிந்தது என்று நினைத்தேன்.

ஸ்ட்ரௌட் எழவில்லை. அவருக்குப் பன்றித்தொடை ஒத்துக்கொள்ளாது. காய்ச்சலுக்குப் பிறகு நான்தான் அவரைக் கஞ்சியிலேயே வைத்திருந்தேன்.

எழுத்தர் பலகைச் சாலை மசோதாவை அழைத்தார். ஃபென்டன் தம் இடத்தில் இல்லை. கோட்டு அறையிலிருந்து பணியாள் ஒருவன் வந்து சபாநாயகரின் காதில் ஏதோ சொன்னான். மரியாதைக்குரிய உறுப்பினர் உணவருந்திக்கொண்டிருப்பதால் அவருடைய மசோதா நாளைக்கு வைக்கப்படுகிறது என்று சபாநாயகர் அறிவித்தார். ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அடுத்த காகிதத்தை எடுத்தார்கள்.

என் பெயரைக் கேட்டேன்.

எனக்கு உடனே புரியவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்காகத் தயாராக இருந்த மனசு, பட்டப்பகலில் தன் பெயரைக் கேட்டபோது அது வேறு யாரோ என்று நினைத்தது. எழுத்தர் இரண்டு வரியில் படித்தார். தெர்சா, ஆரின் மேடக்ஸின் மனைவி, இன்ன காரணத்தால். முடிந்துவிட்டது. நாற்காலிகளில் பாதி காலி. திறந்திருந்த கதவு வழியாகக் கோட்டு அறையின் ஒரு பகுதி மேலிருந்து தெரிந்தது. என் மேசைவிரிப்பின் ஓரம் தெரிந்தது. முதுகைக் காட்டி நின்ற பீல், முள்கரண்டியை ஆட்டி யாருக்கோ ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டிருக்கலாம். பீல் ஐயா என்று ஒரு சத்தம் போதும். எத்தனையோ முறை எனக்குள்ளே கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பிப் பார்க்கிறார். ஆனால் அன்று வாய் திறக்கவில்லை. மேல்மாடத்திலிருந்து கத்தும் பெண்ணை வெளியே அனுப்புவார்கள், அவள் புருஷன் ஏன் ஓடினான் என்பதற்கு அதுவே சாட்சி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அப்படி ஒரு கணக்கு அந்த நேரத்தில் என்னிடம் இருந்ததாக நினைவில்லை. சத்தம் வராமல் இருக்கப் பழகிய உடம்பு சத்தம் போடவில்லை. அவ்வளவுதான்.

கெசையா அக்கா நூலை உதறிவிட்டு எழுந்தாள். மேல்மாடத்துப் படி கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. பனியில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவள் முழங்கால் பன்றி தள்ளாமலே வலிக்கும் முழங்கால். ஆனாலும் போனாள்.

யாராவது பேச விரும்புகிறார்களா என்று சபாநாயகர் கேட்டார். ஸ்ட்ரௌட் எழுந்தார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

"அந்தம்மா மேசையில தினமும் சாப்பிடறவன் நான்," என்றார் அவர், மெதுவாக, தம் கைகளைப் பார்த்தபடி. "நெஞ்சுச் சளியில நான் சாகக் கெடந்தப்ப பத்து போட்டுக் காப்பாத்தினவங்க அவங்க. இந்த ஊர்ல அவங்கள விட நல்ல பொம்பளைய நான் பாத்ததில்ல. அதனாலதான் சொல்றேன். இப்படிப்பட்டவங்கள ஒரு குடும்பத்துலேருந்து பிரிச்சு எடுக்கற கை என் கையா இருக்க வேண்டாம். புருஷன் திரும்பி வர்றேங்கறான். வரட்டும். இவங்களால திருந்தாதவன் வேற யாரால திருந்தப் போறான்?"

உட்கார்ந்தார். நல்ல பேச்சு என்று இரண்டு மூன்று பேர் மேசையைத் தட்டினார்கள். என்னைக் கெட்டவள் என்று சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். நான் செய்த ஒவ்வொரு நல்லதையும் எடுத்து ஒரு கதவுபோல என் முகத்தில் சாத்தினார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் கண் அப்போதும் கலங்கியிருந்தது.

எழுத்தர் பெயர்களை அழைக்கத் தொடங்கினார். பீல் என்ற பெயர் தொடக்கத்திலேயே வரும். வந்தது; பதில் இல்லை; போய்விட்டது. பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. காலி நாற்காலிகளின் பெயரைச் சொல்லும்போது எழுத்தர் தலைகூட நிமிர்த்தவில்லை. கடைசிப் பெயர்களுக்கு வந்தபோதுதான் கதவில் கெசையா அக்காவின் கறுப்புப் போர்வை தெரிந்தது. பீல் கழுத்தில் துண்டோடு ஓடி வந்தார். அவர் பின்னால் மற்றவர்கள், வாயைத் துடைத்துக்கொண்டு.

என் மசோதா மூன்று ஓட்டில் தோற்றது. கதவுக்குள் நுழைந்து நின்றவர்கள் அதைவிட அதிகம்.

பீல் தம் ஓட்டைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டார். பெயர் அழைத்தபோது உறுப்பினர் எங்கே இருந்தார் என்று சபாநாயகர் கேட்டார். "பன்னித்தொடையோட முக்கியமான ஆலோசனையில இருந்தாருங்க," என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, சபை முழுவதும் சிரித்தது. பீலும் சிரித்துவிட்டார். சிரிப்பு அவருக்கு அப்படி வந்துவிடும். தாமதமான ஓட்டைச் சேர்க்க வேண்டுமானால் ஒருவரும் ஆட்சேபிக்கக் கூடாது என்பது விதி. பசியோடு இருந்த ஒரு கிழவர் ஆட்சேபித்தார். அவருக்கு என்னையும் தெரியாது, ஆரினையும் தெரியாது. சாப்பிடப் போக வேண்டியிருந்தது. போனார். என் கேக்கில் கடைசித் துண்டு அவருக்குக் கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதன்பின் ஒரு சிற்றூரின் பெயரை மாற்றினார்கள்.

சாயங்காலம் நான் சமைத்தேன். மேசையிலிருந்து மிச்சமாகி வந்த எலும்பைப் போட்டு மொச்சைச் சூப் வைத்தேன். வேறு என்ன செய்வது? டெல்ஃபி கரண்டிகளை வைத்துக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அடுத்த கரண்டியை எடுத்தாள். உறுப்பினர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள், சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல. பீல்தான் பேசினார்.

"அந்தக் கேக் மட்டும் கொஞ்சம் சுமாரா இருந்திருந்தா நான் அங்கேயே நின்னிருக்க மாட்டேன், மேடக்ஸம்மா. சத்தியமா சொல்றேன்."

தம் மேல் இருந்த குற்றத்தை இப்படி என் கைப்பக்குவத்தின் மேல் இறக்கி வைத்ததில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. பிறகு விதியைச் சொன்னார். தோற்ற மசோதாவைத் திரும்ப எடுக்கச் சொல்லலாம், அடுத்த நாள் சபை கலைவதற்குள். ஆனால் வென்ற பக்கம் ஓட்டுப் போட்டவர் ஒருவர்தான் எழுந்து கேட்க முடியும். வேண்டும் என்றவர்களாலும் முடியாது, சாப்பிடப் போனவர்களாலும் முடியாது. வேண்டாம் என்ற ஒருவர் எழுந்தால் போதும், மீதியைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும், நாளைக்கு யாரும் நாற்காலியை விட்டு அசைய மாட்டார்கள் என்றும் சொன்னார்.

யாரும் ஸ்ட்ரௌட்டைப் பார்க்கவில்லை. அதனால் எல்லோரும் அவரையே பார்ப்பது போல் இருந்தது. அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், மூலை வரை, நிதானமாக.

காபிப் பாத்திரத்தோடு நின்றேன். நான் கேட்பேன் என்று அந்த மேசை காத்திருந்தது. கெஞ்சும் பெண்ணைப் பார்க்க அவர்கள் யாருக்கும் ஆசை இருந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அது வரும் என்று தெரிந்து கரண்டிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்குள் ஒருத்தி, கேட்காதே என்றாள். இன்னொருத்திக்கு மகள் இருந்தாள்.

"ஸ்ட்ரௌட் ஐயா, நாளைக்கு எழுந்திருங்க. எனக்காக வேண்டாம். அந்தப் பொண்ண மதுக்கடைக்கு விடப் போறான்."

அவர் என்னை அன்போடு பார்த்தார். "தகப்பன் சொன்னதா யாரோ தெப்பக்காரன் சொன்னது. அத வச்சு ஒரு மனுஷனுக்குத் தீர்ப்பு சொல்ல முடியுமா? ஜெபம் பண்ணிப் பாக்கறேன், மேடக்ஸம்மா. நாளைக்குச் சபையில பாப்போம்." பிறகு கோப்பையை நகர்த்தினார். "காபி இன்னும் கொஞ்சம் இருக்கா?"

ஊற்றினேன். அவருக்கு வெல்லப்பாகு இரண்டு கரண்டி வேண்டும். இரண்டு கரண்டி போட்டேன். கலக்கியும் கொடுத்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்பதை அப்போது கவனித்தேன். என்னைக் கண்டு நான் அதுவரை அவ்வளவு பயந்ததில்லை.

அவர்கள் புகைக்குழாயோடு முன்னறைக்குப் போனதும் கெசையா அக்கா அடுப்படிக் கதவு வழியாக வந்தாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மிச்சம் இருந்த ரொட்டியைத் தின்றாள்.

"ஜெபத்துல என்ன பதில் வரும்னு எனக்கு இப்பவே தெரியும்," என்றாள். "ஐஸ் இன்னும் ஒரு வாரம் தாங்கும். அக்கரை வேற மாநிலம், வேற சட்டசபை, வேற பன்னிங்க. என் தம்பி பண்ணை இருக்கு. நாளைக்கே டெல்ஃபிய அங்க கூட்டிட்டுப் போறேன். நீயும் வாடி."

எனக்கும் போக ஆசை இருந்தது. ஆனால் ஆரினை எனக்குத் தெரியும். வீடு பூட்டிக் கிடந்தால் தேடுவான். அக்கரையில் யார் இருக்கிறார்கள் என்று ஊரே அவனுக்குச் சொல்லும். வீடு திறந்திருந்து, அடுப்பு எரிந்து, மேசையில் தட்டு இருந்தால் அவன் அதற்கு மேல் எதையும் தேட மாட்டான். ஒருகாலத்தில் இதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காமல் போன குணம். இப்போது அதன் மேல்தான் என் மகளின் வழியைப் போட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அவர்கள் எல்லோரும் சபைக்குப் புறப்பட்டார்கள். ஸ்ட்ரௌட் தொப்பியைத் தொட்டு, வருவீர்கள் அல்லவா என்று கேட்பது போலப் பார்த்தார். தலையசைத்தேன். மணி அடித்தது. நான் டெல்ஃபிக்கு இரண்டு பாவாடையை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிவிட்டு, ஒரு மூட்டையோடு படகுத்துறைக்கு இறங்கினேன். அக்கரையில் விற்க முட்டை கொண்டுபோகிறவர்கள் போல நாங்கள் மூவரும் பனிக்கட்டி மேல் நடந்தோம். அதன் மேல் லேசாகத் தண்ணீர் நின்றது. கீழே எங்கோ தூரத்தில் ஏதோ முனகியது.

நடு ஆற்றில் டெல்ஃபி கேட்டாள், "அப்பா வந்தா நான் எங்கன்னு சொல்லுவ?"

"தெரியாதுன்னு சொல்லுவேன்."

"பொய்யா?"

"கெசையா பெரியம்மா தம்பி பண்ணைக்கு எந்த வழியில போகணும்னு எனக்கு நிஜமாவே தெரியாது. நீயும் சொல்லாத."

சரி என்றாள். பனிக்கட்டி மேலும் அவள் காலின் விளிம்பை முதலில் ஊன்றித்தான் நடந்தாள். அங்கே சத்தம் கேட்க யாரும் இல்லை என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். சொன்னால் அழுதுவிடுவேன் என்று சொல்லவில்லை.

அக்கரையில் அவர்கள் கரையேறியதும் திரும்பினேன். ஆற்றின் நடுவிலிருந்து பார்த்தால் சபையின் வெள்ளைக் கோபுரம் ஊருக்கெல்லாம் மேலே தெரியும். புகைபோக்கிகளிலிருந்து புகை நேராக எழுந்தது. உள்ளே கதகதப்பாக இருக்கும் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன்.

சாயங்காலம் பீல் என் கண்ணைப் பார்க்காமல் மாடிக்குப் போனார். அவரும் மற்றவர்களும் அன்று முழுவதும் பட்டினியாக நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்களாம். ஸ்ட்ரௌட் அடுப்படி வாசலில் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க மேல இல்லையே. ரெண்டு தடவ நிமிந்து பாத்தேன். மனசு மாறிட்டீங்கன்னு நெனச்சேன். எனக்கும் அதான் சரின்னு பட்டுது."

நான் அங்கே இருந்திருந்தால் எழுந்திருப்பாரா? இந்தக் கேள்வியை அன்று கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. எழுந்திருப்பார் என்று தோன்றும் நாட்களில் என்னை வெறுக்கிறேன். எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றும் நாட்களில் அவரை வெறுக்கிறேன். இரண்டும் மாறி மாறி வருகின்றன. அவருக்கு மட்டும் ஒருநாளும் தூக்கம் கெட்டிருக்காது. என் வீட்டு மெத்தைகள் நல்ல மெத்தைகள்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் டெல்ஃபியின் இடத்தில் வைத்தார். புதுப் பேனாக்கத்தி, மாட்டுக்கொம்புப் பிடி, நான்கு அலகு.

"இன்னைக்குத்தான் குடுத்தாங்க. எனக்கெதுக்கு. பாப்பாவுக்கு இருக்கட்டும். எங்க, காணோம்?"

"சளி. மாடியில படுத்திருக்கா."

"கடுகுப் பத்து போடுங்க," என்றார் அவர், அக்கறையோடு.

போடுகிறேன் என்றேன்.

ஆரின் முதல் படகில் வரவில்லை. மூன்றாவது படகில் வந்தான். மகள் எங்கே என்றான். தெரியாது, ஓடிப்போய்விட்டாள் என்றேன். இரண்டு நாள் கத்தினான், ஒருநாள் தெருவெல்லாம் விசாரித்தான், பிறகு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான். அடுத்த தொடருக்கு ஸ்ட்ரௌட் வந்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வீடு இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்றார் அவர். பீல் வேறிடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

கெசையா அக்கா வருஷத்துக்கு ஒருமுறை ஆறு உறைந்ததும் தன் தம்பி வீட்டிலிருந்து வருவாள். ஆரினும் அதே அறையில் இருப்பான், ஆகவே நாங்கள் விலைவாசியும் வானிலையும் பேசுவோம். நடுவில் ஒருமுறை போர்வையைச் சரிசெய்வது போலக் கையைத் தூக்கித் தன் தோளுக்கு நேராக ஒரு கணம் நிறுத்துவாள்; டெல்ஃபியின் உயரம் அது. போன குளிர்காலத்தில் அந்தக் கை அவள் காது வரை உயர்ந்தது. நான் பார்த்துவிட்டுக் குனிந்து ஆப்பிளைச் சீவிக்கொண்டிருந்தேன். அந்தப் பேனாக்கத்தியால்தான். நல்ல கத்தி. இன்னும் ஓர் அலகுகூட மழுங்கவில்லை.